யார் வெல்வார் என்று சொல்ல முடியுமா?

மோட்டார் பந்தயப் பருவம் தொடங்கும்போதே, "இவ்வாண்டுப் பட்டம் இவருக்கே" என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகள் வெளிவருகின்றன. கார் வேகமானது, ஓட்டுநர் திறமைசாலி, ஆகவே வெற்றி உறுதி என்பது அவற்றின் வாதம். இது அறிவியல் முறையாகுமா?

1984-ஆம் ஆண்டு பார்முலா ஒன் போட்டியைப் பாருங்கள். நிக்கி லௌடா, அலென் புரோஸ்ட் இருவரும் ஓட்டியது மெக்லாரன் அணியின் ஒரே வகைக் கார். புரோஸ்ட் 7 பந்தயங்களில் வென்றார். லௌடா வென்றது 5 மட்டுமே. ஆயினும் பட்டம் லௌடாவுக்குச் சென்றது. அவருக்கு 72 புள்ளிகள், புரோஸ்டுக்கு 71.5.

அந்த அரைப் புள்ளி எங்கே போயிற்று? மொனாக்கோவில் பெருமழையால் பந்தயம் பாதித் தூரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. முதலிடம் பெற்ற புரோஸ்டுக்கு 9 புள்ளிகளுக்குப் பதில் 4.5 தான் கிடைத்தன. முழுப் பந்தயமும் நடந்து, அவர் இரண்டாவதாக வந்திருந்தாலும் 6 கிடைத்திருக்கும். லௌடாவோ அன்று இடையிலேயே விலகிவிட்டார். மற்றவை மாறாதிருந்தால் பட்டம் புரோஸ்டுக்கே!

காரின் வேகத்தை முன்கூட்டி அளக்கலாம். இந்த மழையை எப்படி அளப்பது? லௌடா என்று சொன்னவர் மேதையுமல்லர். புரோஸ்ட் என்றவர் மூடருமல்லர்.

எனவே வாசகர்களே, "இவர்தாம்" என்பவரிடம், "எத்தனை விழுக்காடு வாய்ப்பு?" என்று கேளுங்கள். 70 விழுக்காடு என்பவர், அத்தகைய பத்துக் கணிப்புகளில் ஏறத்தாழ மூன்று பொய்க்கும் என்றும் ஒப்புக்கொள்கிறார். அவர் கணிப்புகளைக் குறித்துவைத்து எண்ணிப் பாருங்கள். ஒருமுறை பலித்தது வேறு. முறை சரியென்று நிறுவப்பட்டது வேறு.