கேள்வியை விரலால் மறைத்து

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை ஆசிரியராயிருந்து நடத்திய ‘சுபமங்களா’ இதழ்கள் கட்டாக அகப்பட்டுவிட்டால், கதையையும் கட்டுரையையும் ஒதுக்கிவிட்டு, அதில் வரும் எழுத்தாளரின் நீண்ட பேட்டியைத்தான் நான் முதலில் புரட்டுவது வழக்கம்.

பேட்டியை ரசிக்க நான் கைக்கொண்டிருக்கும் உபாயம் மிகவும் அற்பமானது: கேள்வியை விரலால் மறைத்துக்கொண்டு பதிலை மட்டும் படிப்பது, பிறகு விரலை எடுத்து, கேட்டதென்ன, சொன்னதென்ன என்று ஒத்துப்பார்ப்பது. நேரான பதிலில் விஷயம் கிடைக்கும். சற்றே விலகிப்போகும் பதிலில்தான் மனிதரின் சுபாவம் தலைகாட்டும். 1958-இல் ‘பாரிஸ் ரெவ்யூ’வில் வெளியான பேட்டியில், ஜார்ஜ் பிளிம்ப்டனிடம் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தியெழுதியதாகச் சொன்ன ஹெமிங்வே, அப்படி என்ன சிரமம் என்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்ற பொருளில் சுருக்கமாகப் பேசிக் கதவைச் சாத்திவிட்டார். எழுத்தும் அதே சிக்கனம்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணனோ கதவைத் திறந்து திண்ணையில் உட்காரவைக்கிற ஜாதி. படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பாராமல் மழையையே பார்த்து நின்றுவிட்டதாகவும் சொல்வார். இதை வெறும் அடக்கம் என்றே நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அது என் அசட்டுத்தனம். ‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்’ என்பது எழுத்தறியாதவனைக் குறித்து நம் பக்கத்தில் வழங்கும் ஏளனம். அந்த ஏளனத்தை மறுக்காமல், கோபிக்காமல், அதன் வாசகத்தையே கைமாற்றி வாங்கி, இரண்டே வாக்கியத்தில் ஒரு கதையாக்கித் திருப்பித் தந்துவிடுகிறார். மானம் பார்த்த கரிசலில் விதைத்துவிட்டு நிற்கும் சம்சாரிக்கு மழையைக் காட்டிலும் பார்க்கத் தகுந்தது வேறென்ன இருக்கிறது? பள்ளியை அப்படிக் கோட்டைவிட்டவர்தாம் பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார் என்பது வேறு வேடிக்கை.

பல இடங்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்து மெருகேறிய இத்தகைய பதிலை உண்மையா பொய்யா என்று சோதிப்பது வீண், வாய்விட்டுப் படித்துப்பாருங்கள். ‘ஒதுங்கினேன்’ என்னுமிடத்தில் நம் குரல் தானே தாழ்கிறது; ஐயோ பாவம் என்று இரங்க மனம் எழுகிற அந்தக் கணத்தில், மழை வந்துவிடுகிறது.