சந்தேகத்தைக் கேட்காத தேடல்

லினக்ஸ் கெர்னலை மாற்றியதும் நெட்வொர்க் கார்டு படுத்துவிட்டால், முதல் சந்தேகம் அதன் டிரைவர் மீதுதான் விழும். 2008 செப்டம்பரில் அப்படித்தான் விழுந்தது. 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை நிறுவிய சிலரின் கணினிகளில், இன்டெலின் இ1000இ டிரைவரில் இயங்கும் கார்டுகளின் நிலைநினைவகம் சிதைந்தது. செக்சம் சரியில்லை என்று சொல்லி டிரைவர் கார்டை ஏற்க மறுத்தது. பழைய கெர்னலுக்குத் திரும்பியும் பயனில்லை. டிரைவரைக் குடைந்தார்கள், எக்ஸ் சர்வரையும் சந்தேகித்தார்கள்.

கைகொடுத்தது பைசெக்ட். ஒழுங்காக ஓடிய பதிப்புக்கும் பழுதான பதிப்புக்கும் நடுவிலுள்ள கமிட்டை எடுத்து, கெர்னலை பில்ட் செய்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடினால் பழுது அதற்குப் பிந்திய பாதியில். இல்லையென்றால் முந்திய பாதியில். 10,000 கமிட்டுகள் இருந்தாலும் சுமார் 14 சோதனைகளில் ஒன்றில் வந்து நிற்கும். இன்டெல் பொறியாளர்கள் ஆய்வகத்தில் கார்டுகளைப் பலிகொடுத்தபடி நடத்திய இந்தத் தேடல், டிரைவரை விட்டுவிட்டு எஃப்டிரேஸ் என்ற தடமறியும் வசதியில் போய் நின்றது.

மாட்யூல் தொடங்கும்போது மட்டும் தேவைப்படும் நிரலின் நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகும், எஃப்டிரேஸ் அந்த முகவரியைத் தன் பட்டியலில் வைத்திருந்தது. அதே முகவரிக்குக் கார்டின் நிலைநினைவகம் வந்தபோது, பழைய நிரல் என்று எண்ணி அங்கே கைவைத்தது. அதற்கு எஃப்டிரேஸ் பயன்படுத்தியது, ஒப்பிட்டுப் பொருந்தினால் மட்டும் மாற்றும் கட்டளைதான். ஆனால் பொருந்தாவிட்டாலும் படித்த மதிப்பையே அந்தக் கட்டளை திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் கேடில்லை. கார்டில் அதுவே நாசம்.

டிரைவரின் நிரலை எத்தனை முறை படித்தாலும் இது அகப்பட்டிருக்காது. நம் ஊகத்தைப் பொருட்படுத்தாததே பைசெக்டின் பெரிய பலம். நிரலின் உள்விவரம் அறியாத பயனர்கூட, பழுதாகும் கார்டு கையில் இருந்தால் இதைச் செய்யலாம்.

ஆனால் நாம் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் அது அப்படியே நம்பும். பல மணி நேரம் டிராஃபிக் ஓடினால்தான் அறுந்துபோகும் இணைப்பை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'நல்லது' என்று குறித்தால், மிச்சச் சோதனைகள் அத்தனையும் தவறான பாதியில் நடக்கும். முடிவு மட்டும் அதே உறுதியோடு வரும். சம்பந்தமில்லாத ஒருவரின் கமிட் குற்றவாளியாகும். சரியான கமிட்டே கிடைத்தாலும், அது வேறெங்கோ கிடந்த பழைய பிழையை வெளியே கொண்டுவந்ததாக மட்டும் இருக்கலாம். அதை எடுத்துச் சொல்ல பைசெக்டுக்கு வாயில்லை. நிரலைப் படித்தே தீரவேண்டும்.

ஆகவே பைசெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அகப்பட்ட கமிட்டை மட்டும் புதிய கெர்னலிலிருந்து நீக்கி, பழுது வழக்கமாகத் தலைகாட்டும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு முறையிடுங்கள்.