பல் கூச்சம்: எந்த வைத்தியம் எவ்வளவு மெய்?

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஊத்தங்கரையைத் தாண்டியதும் சிங்காரப்பேட்டையைக் கடந்து செல்வார்கள். அந்த ஊர்க் கடைத்தெருவில் உள்ள மருந்துக் கடையில் சற்று நேரம் நின்றால், "பல்லு கூசுதுங்க, நல்ல பேஸ்ட்டா ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்பது காதில் விழும். கடைக்காரரும் தயங்காமல் ஒன்றை எடுத்து நீட்டுவார். அது சாதாரணப் பசையைவிட விலை கூடியது. சில நொடிகளில் கூச்சம் போய்விடும் என்று அதன் விளம்பரம் சொல்லும்.

வாசகர்களே, அந்த வாக்குறுதியில் எவ்வளவு மெய்? பல் கூச்சத்திற்கு இன்று கிடைக்கும் வைத்தியங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

கூச்சம் பிறக்கும் இடம்

பல்லின் மேல் உறை பற்சிப்பி. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்கு நரம்பு கிடையாது. ஆகவே வலியும் தெரியாது. அதன் அடியில் இருப்பது தந்தினி. தந்தினியை உருப்பெருக்கியில் பார்த்தால் தேன்கூடு போல் துளைகள் தெரியும். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குழாய்களுக்குள் திரவம் இருக்கிறது. உள்முனையில் நரம்பு காத்திருக்கிறது.

பற்சிப்பி தேய்ந்தாலோ, ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ இக்குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. குளிர்ந்த நீரோ காற்றோ பட்டதும் உள்ளிருக்கும் திரவம் சட்டென்று நகர்கிறது. அந்த அசைவையே நரம்பு வலியாக உணர்கிறது. திரவ அசைவே காரணமாகலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் கைசி 1900-இல் எழுதினார். சுவீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகள் செய்து அக்கருத்துக்கு வலுவூட்டினார்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. வைத்தியத்திற்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: ஒன்று, நரம்பை மந்தப்படுத்துவது, மற்றொன்று, குழாய்களை அடைப்பது. பசையின் பெயரும் டப்பாவின் நிறமும் எதுவானாலும் இவ்விரண்டில் ஒன்றையே அது செய்தாக வேண்டும்.

நரம்பை மந்தப்படுத்தும் பசை

முதல் வழியைச் சேர்ந்தது பொட்டாசியம் நைட்ரேட். பட்டாசு செய்ய உதவும் அதே வெடியுப்புதான் இது. பல் கூச்சத்திற்கு இது நல்ல மருந்தென்று மில்டன் ஹோடோஷ் 1974-இல் அமெரிக்காவில் அறிவித்தார். பொதுவாக இப்பசைகளில் 5 சதவீதம் வெடியுப்பு இருக்கும். பொட்டாசியம் குழாய் வழியே உட்சென்று நரம்பைச் சுற்றித் தேங்கினால், நரம்பு செய்தி அனுப்பும் திறனை இழக்கும் என்பது இதன் தத்துவம்.

தத்துவம் அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளிருந்து வெளியே கசியும் திரவத்தை எதிர்த்துப் பொட்டாசியம் போதிய அளவு நரம்பைச் சேர்கிறதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2006-இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு 6 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பல்லைத் தொட்டும் காற்றை ஊதியும் சோதித்தபோது கூச்சம் குறைந்திருந்தது. நோயாளிகள் தாமே சொன்ன அனுபவத்தில் அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை. வலுவான சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

ஒன்று நினைவிருக்கட்டும். இவ்வகைப் பசையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாள் தேய்த்துவிட்டுப் பயனில்லை என்று தூக்கியெறிவதும் தவறு; முதல் நாளே பலனை எதிர்பார்ப்பதும் தவறு.

குழாயை அடைக்கும் பசை

இரண்டாம் வழியில் ஸ்ட்ரான்சியம் உப்புகள், ஸ்டானஸ் ஃபுளூரைடு, அர்ஜினைனும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்த கலவை, உயிர்க்கண்ணாடித் துகள் ஆகியவை வருகின்றன. உயிர்க்கண்ணாடியின் கதை சுவையானது. 1969-இல் அமெரிக்காவின் லாரி ஹென்ச் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்றை உருவாக்கினார். எலும்புக்கென்று பிறந்த அது பிற்பாடு பொடியாகிப் பற்பசைக்குள் புகுந்தது. உமிழ்நீர் பட்டதும் கால்சியமும் பாஸ்பேட்டும் வெளிப்பட்டுக் குழாய் வாயில் படிகின்றன.

இவற்றில் சில விரைவாகப் பலன் தருவது உண்மையே. விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் தேய்த்தால் அப்போதே தணிவு தெரிவதும் உண்டு. ஆனால் அடைப்பு என்பது சுவரில் பூசிய சுண்ணாம்பு போன்றது. முரட்டுத் துலக்கலும் தொடர்ந்த புளிப்பும் அதைக் கரைத்துவிடும். விளம்பரம் முதல் நிமிடத்தைக் காட்டுகிறது. மூன்றாம் மாதத்தைக் காட்டுவதில்லை.

மருத்துவர் கையில் இருப்பவை

பல் மருத்துவர் பூசும் ஃபுளூரைடு வார்னிஷ் எளியது, வலியற்றது. ஆனால் சில மாதங்களில் மறுபடி பூச வேண்டிவரும். குளூட்டரால்டிஹைடு கலந்த பூச்சு குழாய்த் திரவத்திலுள்ள புரதத்தை உறையச் செய்கிறது. ஈறில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கைதேர்ந்தவரே பூச வேண்டும். பல்லின் கழுத்துப் பகுதி குழிந்துபோயிருந்தால் அதை நிரப்பி அடைப்பது சரியான வழி. ஈறு மிகவும் இறங்கியிருந்தால் ஈறு ஒட்டுச் சிகிச்சை உண்டு. வேர் சிகிச்சை கடைசிப் படி. வெறும் கூச்சத்திற்காக அதில் அவசரப்படக் கூடாது.

லேசர் வைத்தியம் இப்போது நகரங்களில் பெருமையாகப் பேசப்படுகிறது. அதையும் காக்ரேன் குழு 2021-இல் ஆராய்ந்தது. பலன் இருக்கலாம், ஆனால் கிடைத்த சான்றின் உறுதி குறைவு என்பதே அதன் தீர்ப்பு. மேலும் பல் கூச்ச ஆய்வுகளில் மருந்தே இல்லாத போலிப் பசை பெற்றவர்களிலும் கணிசமானோர் தேறியதாகச் சொல்வதுண்டு. கருவி பளபளப்பதால் மட்டும் வைத்தியம் உயர்ந்ததாகிவிடாது.

நம் பக்கத்துச் சிக்கல்

இத்தனை வைத்தியங்களையும் ஒப்பிட்ட பின்னரும் முக்கியமான கேள்வி பாக்கி இருக்கிறது. குழாயைத் திறந்தது யார்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்றது. வேறு நீர் இல்லாவிடில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இக்குறையைப் போக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் தொடங்கியது. ஆனால் குழந்தைப் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பற்சிப்பி உருவாகும்போது படிந்த கறை பின்னால் நல்ல நீர் குடிப்பதால் மறைவதில்லை.

பல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் இருக்கும் இளைஞர் என்ன செய்கிறார்? பெண் பார்க்கும் படலத்துக்கோ வேலைக்கான நேர்காணலுக்கோ முன்னால் செங்கல் பொடி, கரி, உப்பு என்று கிடைத்ததைக் கொண்டு அழுத்தித் தேய்க்கிறார். செங்கல் பொடியிலுள்ள மணல் பற்சிப்பியைவிடக் கடினமானது. கறையோ மேலே ஒட்டிய அழுக்கன்று, பற்சிப்பிக்குள்ளேயே இருப்பது. ஆகவே கறை போகாது, பல்தான் போகும். ஆழமாகப் பாதிக்கப்பட்ட பற்சிப்பி இயல்பாகவே நொறுங்கக்கூடியது என்பதால் சேதம் இரட்டிப்பாகிறது. இன்னும் சிலர் பல் வெளுக்கும் சிகிச்சைக்குப் போகிறார்கள். அதற்குப் பயன்படும் பெராக்சைடு சில நாள் கூச்சத்தை உண்டாக்குவது தெரிந்த விஷயம். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது அந்த மருந்துக் கடை வாசலில்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "நம்ம தண்ணியிலேயே ஃபுளூரைடு அதிகம், அப்புறம் பசையிலும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கறையை உண்டாக்குவது சிறுவயதில் விழுங்கிய ஃபுளூரைடு. பெரியவர் பல்லில் தேய்த்துத் துப்பும் ஃபுளூரைடு புதுக் கறையை உண்டாக்காது. சின்னக் குழந்தைக்கு மட்டும் மிகச் சிறிதளவு பசை கொடுத்து, விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதில் தொடங்குவது?

செலவில்லாத வைத்தியம் முதலில் வரட்டும். பொடியை விடுங்கள். மென்மையான பிரஷ்ஷை எழுதுகோல் பிடிப்பது போல் லேசாகப் பிடியுங்கள். புளியோ மாங்காயோ எலுமிச்சையோ சோடாவோ சாப்பிட்டதும் தண்ணீரால் வாய் கொப்புளியுங்கள். பல் துலக்க அரைமணி பொறுங்கள். அதன் பிறகு கூச்சப் பசை ஒன்றைச் சில வாரங்கள் விடாமல் பயன்படுத்திப் பாருங்கள்.

அப்படியும் தணியாவிட்டால், அல்லது ஒரே ஒரு பல் மட்டும் வலித்தால், கடித்தால் சுள்ளென்றால், வலி நெடுநேரம் நின்றால், அது வெறும் கூச்சமன்று. சொத்தையோ விரிசலோ இருக்கலாம். அப்போது பசையை மாற்றிக்கொண்டே இருப்பது வீட்டில் நெருப்புப் பிடிக்கையில் சன்னலைச் சாத்துவது போன்றது. பல் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் முதலில் "எந்தப் பேஸ்ட் நல்லது?" என்று கேட்காதீர்கள், "என் பல் ஏன் தேய்ந்தது?" என்று கேளுங்கள்.