பேரில்லாத ஆம்ப்ளிஃபயர்: பழுது பார்ப்பதா, படித்துப் பார்ப்பதா?

சென்னையில் கீழ்க்கட்டளையிலிருந்து ரேடியல் ரோட்டைப் பிடித்தால் சில கிலோமீட்டரில் பல்லாவரம். அங்கே பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடி, வளர்ப்பு மீன், பழைய இரும்பு ஆகியவற்றோடு ஓடாத ஆம்ப்ளிஃபயர்களும் விலைக்கு வரும். அவற்றில் பலவற்றுக்குப் பெயர் இருக்காது. மாடல் எண்ணும் இருக்காது. எலக்ட்ரானிக்ஸ் பழக விரும்புகிறவர்கள் முதல் முயற்சிக்கு இப்படி ஒரு பெட்டியைத் தூக்கிவருவதுண்டு. மலிவு என்பது ஒரு காரணம், கெட்டாலும் நஷ்டமில்லை என்பது இன்னொன்று. இந்தப் பழக்கம் நல்ல பள்ளிக்கூடம்தானா? ஆம் என்பதே என் பதில். ஆனால் அங்கே பெரும்பாலோர் தப்பான பாடத்துக்கு மார்க் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

இந்தப் பெட்டிகளுக்குப் பெயர் தொலைந்துபோகவில்லை, முதலிலிருந்தே கிடையாது. 1991க்கு முன் இறக்குமதி லைசென்சும் வரியும் சேர்ந்து வெளிநாட்டு ஸ்டீரியோவை எட்டாத பொருளாக்கியிருந்தன. கொல்கத்தாவின் சோனோடைன் போன்ற உள்நாட்டுப் பெயர்கள் இருந்தும், நடுத்தரக் குடும்பத்துக்கு வாய்த்தது பெரும்பாலும் அசெம்பிள் செட்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேபினெட், முகப்புத் தகடு, போர்டு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வாங்கிக் கொடுத்தால் பேட்டை ரேடியோ மெக்கானிக் பூட்டிக் கொடுப்பார். ஆகவே இதற்கு சர்வீஸ் கையேடு தேடுவது வீண். அடையாளம் தகட்டில் இல்லை, போர்டில் இருக்கிறது. அதுவும் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும்: 12 வோல்ட்டில் ஓடும் எல்ஏ4440 ஐசி போர்டு, 2என்3055 டிரான்சிஸ்டர் ஜோடி, சான்யோவின் எஸ்டிகே வகை.

பழக்கத்தின் முதல் பலம் இதிலிருந்துதான் வருகிறது. கையேடு இல்லாததால் சர்க்யூட்டைத் தானே படித்தாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் 12-0-12 வருகிறதா? டையோடும் கண்டென்சரும் அதை இரு பக்கமும் ஏறக்குறைய 16 வோல்ட் டிசி ஆக்கும். பாட்டு ஓடும்போது அது சற்று இறங்கும், டிரான்சிஸ்டரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கருக்கு உச்சத்தில் 13 வோல்ட் போய்ச் சேர்ந்தால், 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 10 வாட்டைக் கொஞ்சம் தாண்டும். முகப்பில் 200 வாட் என்று அச்சடித்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை அளந்து ஒரு விளம்பரப் பொய்யைப் பிடிக்க முடிகிறது என்றால், அந்தக் கல்விக்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது பலம் ஸ்டீரியோ என்ற அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு சேனலும் ஒரே சர்க்யூட். ஒன்று ஓடி மற்றொன்று ஓடாவிட்டால், ஓடும் சேனல்தான் ஓடாத சேனலுக்குக் கையேடு. ஒவ்வொரு புள்ளியிலும் இரு பக்க வோல்ட்டேஜையும் ஒப்பிட்டுக்கொண்டே போனால், எங்கே கணக்கு பிசகுகிறதோ அங்கே பழுது. காதும் உதவும். 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் கிரவுண்டையோ ஷீல்டு ஒயரையோ சந்தேகிக்கலாம். பிரிட்ஜ் டையோடு உள்ள செட்டில் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் ஃபில்டர் கண்டென்சரை முதலில் பார்க்கலாம். தெரு முனை மெக்கானிக்குகளிடம் இருந்த இந்தக் காதுப் பழக்கம் புத்தகத்தில் வராது.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, எல்லா கண்டென்சரையும் ஒரே மூச்சில் கழற்றி மாற்றும் அவசரம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எலக்ட்ரோலிடிக் கண்டென்சர் உலர்ந்துபோகும் பொருள். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலின் பொது விதி. ஹீட் சிங்க் ஓரமாக முப்பது வருடம் உட்கார்ந்திருந்ததை மாற்றத்தான் வேண்டும். ஆனால் புதிய கை ஒரே நாளில் இருபதை மாற்றினால், ஒன்றிரண்டு தலைகீழாக உட்காரும், பழைய போர்டின் செம்புக் கோடு பெயர்ந்து வரும். அதற்குப் பிறகு வரும் கோளாறு பழசா, இவர் செய்ததா என்று பிரிக்க முடியாது. எல்லாம் சரியாகவே நடந்து பாட்டு வந்துவிட்டாலும், எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. கற்க வந்தவருக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

இரண்டாவது குறை ஆபத்து. இதில் சமரசத்துக்கு இடமில்லை. அசெம்பிள் செட் பலவற்றில் இரண்டு முள் பிளக், எர்த் இல்லாத இரும்புப் பெட்டி, பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பி. உள்ளே வருவது 230 வோல்ட். எனவே முதல் வேலை பாட்டு அல்ல. மூன்று முள் பிளக், எர்த், சரியான பியூஸ். அடுத்தது சீரிஸ் பல்பு: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மெயினில் தொடராக வைத்துப் போட்டால், ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். ஆனால் அது டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுமே தவிர கையைக் காப்பாற்றாது. ஷாக் அடிப்பது அடிக்கும். ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட்டில் டிசி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கர் காயில் கருகும். வால்வு செட்டோ 250, 300 வோல்ட் டிசியில் ஓடுவது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது நிற்கும். புதியவர் அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பழசு என்றாலே இனிமை என்ற மயக்கம். பெயர் பெற்ற பழைய செட்டுக்குச் சொல்லும் புகழை அசெம்பிள் செட்டுக்கு அப்படியே ஏற்ற முடியாது. பயஸ் சரியாக வைக்காத போர்டில் மெதுவான பாட்டு கரகரக்கும். அது அந்தக் காலத்துச் சுவை அல்ல, பழுது. பெயரை மட்டும் நம்பி உதிரி வாங்கவும் முடியாது. சான்யோவின் செமிகண்டக்டர் தொழில் 2011இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. அசல் எஸ்டிகே இன்று அரிது, அதே எண் அச்சடித்த போலி தாராளம். ஓசை மட்டும் போதும் என்பவருக்குச் சில நூறு ரூபாய் கிளாஸ்-டி போர்டே இதைவிட அதிகம் தரும். பணக் கணக்கில் இந்தப் பழக்கம் தோற்கிறது.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கின்றன. பேரில்லாத செட்டுக்குத் தயாரிப்பாளரே இல்லை. அதைத் தேடி எந்த நிறுவனமும் வராது. காயலான் கடையில் செம்புக்கும் அலுமினியத்துக்கும் உடைபடும். சந்தையில் வாங்கி ஓட வைப்பவர்தான் அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே பொறுப்பாளர்.

ஆக, பலம் முழுவதும் படிப்பதில் இருக்கிறது, பலவீனம் முழுவதும் அவசரத்தில் இருக்கிறது. புதியவர் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, ஒரு சேனலாவது ஓடுகிற டிரான்சிஸ்டர் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுக்கட்டும். வால்வும் எஸ்டிகேயும் பிறகு பார்க்கலாம். சால்டரிங் அயர்னைச் சூடாக்குமுன் சர்க்யூட்டைத் தாளில் வரையட்டும், வோல்ட்டேஜைக் குறிக்கட்டும், ஒரு சமயத்தில் ஒரு பார்ட்டை மட்டும் மாற்றட்டும். முடிவில் செட் பாடாவிட்டாலும், ஏன் பாடவில்லை என்று தாளைக் காட்டிச் சொல்ல முடிந்தால் அவர் தேறிவிட்டார். பாட்டு வந்தும் காரணம் சொல்ல முடியாதவர் இன்னொரு பெட்டி வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.