'குனிங்கஸ்' தரும் சான்று

ஆங்கிலத்தில் அரசனைக் குறிக்கும் 'கிங்' என்னும் சொல் நம் 'கோன்' என்பதன் திரிபே என்று மேடைகளில் முழங்குவார் உளர். கால்டுவெல் ஐயர் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகட்குப் பின்லாந்து மொழியோடும் உறவு காண முயன்றார். அதனைத் துணைக்கொண்டு, பின்லாந்திலும் அரசன் 'குனிங்கஸ்' தானே என்று இவர்கள் மகிழவும் கூடும். அச்சொல்லின் வரலாறோ முற்றிலும் வேறு.

பின்லாந்து, எஸ்டோனியா, கரேலியா ஆகிய பகுதிகளின் மொழிகளில் 'குனிங்கஸ்' இன்றும் வழங்குகின்றது. அவற்றின் தாயாகிய தொல்பின்னியத்திலும் அதன் வடிவம் அதுவே என்று அறிஞர் மீட்டமைத்துள்ளனர். எனினும் அது அங்குப் பிறந்த சொல் அன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பால்டிக் கடலோரத்தில் செருமானிய இனத்தாரிடம் பெற்ற கடன். டென்மார்க்கு அறிஞர் வில்லெம் தாம்சன் இத்தகைய கடன்களை 1869 ஆம் ஆண்டு நூலில் முறைப்பட ஆராய்ந்தார்.

இதில் வியப்பு யாதெனின், கொடுத்தவர் தேய்த்துவிட்டதை வாங்கியவர் காத்துவருகின்றனர். செருமன் மொழியில் 'கோனிக்', சுவீடிய மொழியில் 'குங்', ஆங்கிலத்தில் 'கிங்' என்று எங்கும் ஈறு அழிந்தது. பின்னியத்தில் மட்டும் 'அஸ்' ஈறு நிற்கின்றது. அவ்வீறு கற்பனை அன்று. கி.பி. 400 அளவில் செய்யப்பட்டு 1734 இல் டென்மார்க்கில் கிடைத்த பொற்கொம்பின் ரூனிக் எழுத்துகளிலும் அதே ஈறு பெற்ற பெயர் உண்டு. (கொம்பை 1802 இல் கள்வன் ஒருவன் திருடி உருக்கிவிட்டான், முன்னரே வரைந்துவைத்த படங்களே நமக்கு எஞ்சின.) 'ரெங்கஸ்' என்னும் பின்னியச் சொல்லும் அவ்வாறே, ஆங்கில 'ரிங்' இழந்த ஈற்றோடு பழைய எகரத்தையும் அது காத்துள்ளது. லித்துவேனியா சென்ற 'குனிகஸ்' இன்று பாதிரியாரைக் குறிக்கின்றது. ருசிய மொழியின் 'க்னியாஸ்', சிற்றரசன்.

இனி 'கோன்' என்பதற்கு வருவோம். செருமானியச் சொல்லில் 'குன்' என்பது குலம், சுற்றம் எனப் பொருள்படும் அடி. 'இங்' அதனைச் சார்ந்தவன் என்னும் விகுதி. குலத்தோன்றல் என்பதே பொருளெனப் பெரும்பாலார் கொள்வர். நம் சொல்லின் அடியோ 'கோ'. கோப்பெருஞ்சோழன், கோப்பெருந்தேவி, கல்வெட்டுகளின் கோப்பரகேசரி ஆகியவற்றைக் காண்க. 'கோன்' என்பதன் னகரம் ஆண்பால் விகுதி; 'குன்' என்பதன் னகரமோ அடியின் உறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனல் எங்ஙனம்?

இது சிறு பிழை என்று தள்ளற்க. வகுப்பில் இதைக் கேட்ட மாணவன் பின்னர் அகராதியைப் புரட்டிப் பொய்யெனக் காண்பானேல், கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலம் புகுந்த மெய்யான செய்தியையும் ஐயுறுவான். பின்னியத்தோடு தமிழுக்கு உறவு உண்டெனக் கூற விழைவார்க்கும் 'குனிங்கஸ்' உதவாது. கடன் வாங்கிய சொல் உறவுக்குச் சான்றாகாது. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், உறுப்புப்பெயர் முதலிய அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலியியைபை அவர் காட்டல் வேண்டும். கால்டுவெல் கூறிய அவ்வுறவு இன்றுவரை நிறுவப்படவில்லை.