பதவிப் பெயரும் தொழிலாளி என்னும் பெயரும்

மருதானைப் புகையிரத நிலையத்தில் காலையில் இறங்கித் திரிப்பொலிப் பக்கமாக நடந்து செல்லும் இளைஞரை நாம் அறிவோம். முன்னாளிற் பண்டகசாலைகளாயிருந்த கட்டிடங்கள் அங்கு 'ட்ரேஸ் எக்ஸ்பேர்ட் சிற்றி' என்னும் புதுப் பெயருடன் மென்பொருட் கம்பனிகளுக்கு இடமாகியுள்ளன. இரத்மலானைக்குப் பெயருமுன் புகையிரதத் தொழிற்சாலை இருந்ததும் இம்மருதானையிலேதான். 1923ஆம் ஆண்டு ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிற் கொழும்பை உலுக்கிய பொது வேலைநிறுத்தத்திற் புகையிரதத் தொழிலாளரும் நின்றனர். தம்மைத் தொழிலாளர் என்று கூறிக்கொள்ள அவர்கள் கூசவில்லை. இன்று அவ்வழியே நடப்போர் 'அசோசியேற்', 'கன்சல்ரன்ற்', 'லீட்' என்னும் பெயர்களைக் கழுத்து அட்டையில் அணிந்து செல்கின்றனர்.

சொற்களை ஆராய்வது விமர்சகனின் வேலை. ஆகவே கம்பனி மொழியையும் ஓர் இலக்கியமாகவே வாசிப்போம். எம்மிடம் கற்றுச் சென்ற மாணவர் பலர் கூறக் கேட்டதன்படி, அவ்விலக்கியத்தின் தலையாய உவமை 'குடும்பம்' என்பது. இரவு பத்து மணிக்கு நியூயோர்க்கிலிருந்து வரும் அழைப்பை ஏற்பது, அங்கு மதியவேளையாதலால், மேலதிக வேலையாகாது, பொறுப்புணர்ச்சியாகும். கந்தோர் ஊழியருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் என 1954ஆம் ஆண்டின் சட்டம் வகுத்ததை நினைவூட்டுபவன் குடும்பப்பற்று இல்லாதவன். ஆனால் இக்குடும்பம் பிள்ளைகளை வரிசைப்படுத்தும். மைக்ரோசொவ்ற் கம்பனி 2013இற் கைவிடும்வரை கைக்கொண்ட தரப்படுத்தல் முறையில், எவ்வளவு திறமையான குழுவாயினும் அதில் எவரேனும் கடைநிலையில் வைக்கப்படவேண்டும். எந்தத் தாய் தகப்பன் இப்படிச் செய்வர்?

பதவிப் பெயர் செய்யும் வேலையைச் சென்னை வழக்கொன்று துலக்கிக் காட்டியது. ராற்றா கன்சல்ரன்சி சேர்விசஸ் கம்பனி 2015இல் நீக்கிய பொறியியலாளர் ஒருவர் தொழில் நீதிமன்றத்தை நாடினார். அப்போது நடைமுறையிலிருந்த 1947ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், நிர்வாகப் பொறுப்பிலுள்ளோரைத் 'தொழிலாளி' என்னும் வரைவிலக்கணத்திலிருந்து விலக்கியிருந்தது. அவர் வகித்தது நிர்வாகப் பதவி, ஆகவே அவர் தொழிலாளியல்லர் என்பதே கம்பனியின் வாதம். அவர் உண்மையிற் செய்தது யாது என்று பார்த்த நீதிமன்றம், அது தொழில்நுட்பத் திறன் சார்ந்த வேலையே எனக் கண்டு, மீண்டும் வேலையில் அமர்த்துமாறு 2022 ஏப்ரலிற் தீர்ப்பளித்தது. தொழிலாளி என்னும் பெயரைப் பெற அம்மனிதருக்கு ஏழாண்டுகள் சென்றன! அதே கம்பனி 2025 யூலையில் தன் ஊழியரில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோரை, நீக்கப்போவதாக அறிவித்தது.

எமது கலைஞர் இதனை எங்ஙனம் நோக்கினர்? 2007இல் ராம் இயக்கிய 'கற்றது தமிழ்' திரைப்படத்தைத் தமிழாசிரியர் பலர் தம் சொந்தக் குரலெனப் போற்றினர். அக்கோபம் நேர்மையானதே, சென்று தைக்கும் இடந்தான் தவறு. ஆசிரியனுக்கும் கணினி ஊழியனுக்கும் இடையேயுள்ள சம்பள வேற்றுமையைக் கண்ட இயக்குநர், அச்சம்பளத்தைக் கொடுப்பவனின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரில்லை. உழைப்போர் இருவரை எதிரெதிரே நிறுத்தியதோடு படம் நின்றுவிட்டது. நாமும் கைதட்டினோம், அதனை இங்கு மறைப்பதற்கில்லை.

எமது நாட்டு நிலையோ விசித்திரமானது. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம், எத்தகைமையிலேனும் ஒப்பந்தத்தின்கீழ் வேலைசெய்யும் எவரையும் தொழிலாளி எனக் கொள்கிறது. மனேஜரும் அதனுள் அடக்கம். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாற் சங்கம் பதியலாம். சென்னையில் ஏழாண்டு வழக்காடிப் பெற்றதை இங்கு சட்டம் முன்னரே வழங்கியிருக்க, அதனை ஏற்க நாணுவோர் நம்மவரே.

பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின், அவரது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டுமென 1971ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. ஆணையாளரிடம் போவது சிரமம். சம்மதம் பெறுவது இலகு. கம்பனியொன்றிற் பணிபுரிந்த எம் பழைய மாணவியொருத்தி, தட்டெழுதி ஆயத்தமாயிருந்த 'சுயவிருப்ப' இராஜினாமாக் கடிதத்திற் கையெழுத்திட்டது மாலை ஐந்து மணிக்கு. ஐந்தரைக்கு அவளது கணினி பூட்டப்பட்டது. அக்கடிதத்தை இயற்றிய ஆசிரியர் யார், அந்த அறையில் எவரெவர் அமர்ந்திருந்தனர் என்பதைச் சொல்லும் சிறுகதையொன்றை நாம் இன்னும் வாசிக்கவில்லை.