பிழையும் வேறுபாடும்: பயன்பாட்டுப் புள்ளியியலின் தொலைநிலை முதுநிலைப் பாடங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டுமானக் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோகிராம் எடை இருத்தல் வேண்டும். ஒரு தொகுதியின் எடை அதிலிருந்து 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ ஐ.எஸ். 1786 எனும் இந்தியத் தர நிர்ணயம் இடமளிக்கிறது; அதாவது ஏறத்தாழ 0.844 முதல் 0.932 வரை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் அதைச் சூழ்ந்தும் இயங்கும் ரோலிங் மில்கள் இக்கம்பியை உருட்டித் தள்ளுகின்றன. எந்த இரு துண்டும் துல்லியமாக ஒரே எடையில் அமைவதில்லை. அந்த வேறுபாடு யாருடைய குற்றம் என்பதே பயன்பாட்டுப் புள்ளியியல் தொழிற்சாலைக்குள் நுழைந்து எழுப்பிய முதல் வினா.

அவ்வினாவுக்கு வால்ட்டர் ஷீவார்ட் 1924இல் அளித்த விடைதான் கட்டுப்பாட்டு வரைபடம். வேறுபாட்டை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, செயல்முறையோடு உடன்பிறந்தது. எந்த ஒரு தனிக் காரணத்தின் மேலும் அதனைச் சுமத்த இயலாது. மற்றொன்று, தேய்ந்த உருளை, மாறிய மூலப்பொருள் போன்ற தேடிக் கண்டறியத்தக்க காரணத்தால் விளைவது. மகலனோபிசின் அழைப்பை ஏற்று 1947-48இல் ஷீவார்ட் இந்தியாவுக்கு வந்தார்; இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வழியே இம்முறை நம் ஆலைகளுக்குப் பரவியது. இன்று அதனைப் பயில ஆலையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுப் புள்ளியியல் முதுநிலைப் பட்டயத்தில் தொழிலகப் புள்ளியியல் ஒரு விருப்பப் பிரிவாக உள்ளது; அதன் பாட அலகுகள் 'ஈ-ஞானகோஷ்' தளத்தில் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் இதே துறையில் ஒரு முதுநிலைப் பட்டயத்தைக் கோர்சேரா வழியாக இணையத்தில் நடத்துகிறது.

இரண்டும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. இதில் வியப்பதற்கு ஏதுமில்லை எனக் கல்வியாளர் கூறலாம். ஆயின் அதற்கு முந்தைய படியைக் கருதிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூல், பயன்பாட்டுப் புள்ளியியலுக்கென ஓர் இயலையே ஒதுக்குகிறது. காலத்தொடர் வரிசை, குறியீட்டெண் ஆகியவற்றுடன் தரக் கட்டுப்பாடும் சராசரி, வீச்சு வரைபடங்களும் அதில் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. தமிழ்வழி மாணவர் கட்டுப்பாட்டு எல்லைகளைக் கணக்கிடும் வரை தமிழ் உடன் வருகிறது. எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தபின் என்ன முடிவுக்கு வருவது என்பதை விரிவாக எண்ணிப் பார்க்கும் நிலையில்தான் மொழி கைவிடுகிறது. கணக்கீட்டுக்குத் தமிழ், தீர்ப்புக்கு ஆங்கிலம் எனும் இப்பிரிவினையே இக்கட்டுரையின் கவலை.

பட்டயப் பாட அலகுகளின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆசிரியர் அருகிலில்லாத கற்பவரை மனத்திற்கொண்டு, பயிற்சி வினாவும் விடையுமாக அவை எழுதப்பட்டுள்ளன. இரவுப் பணி முடித்து வந்து படிப்பவருக்கு இது பெரும் துணை. குறை வேறிடத்தில் உள்ளது. அது இத்துறைப் பாடநூல்கள் அனைத்துக்கும் பொதுவானதும்கூட. ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினால், கண்டறியத்தக்க காரணம் இருந்து நீக்கப்பட்டதாகக் கொண்டு, அப்புள்ளியை விலக்கி எல்லைகளைத் திருத்தி அமைப்பது வழக்கமான பயிற்சி. 'காரணம் நீக்கப்பட்டதாகக் கொள்க' என்னும் அந்த ஒற்றைத் தொடரைக் கடக்க மாணவருக்கு நொடிப்பொழுது போதும். ஆலையிலோ அத்தொடருக்குள்தான் ஒரு ஷிஃப்டின் பூசல் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவ்வேளையில் இயந்திரத்தில் நின்றவர் யார், மேற்பார்வையாளர் யார், எவருடைய பதிவேட்டில் அது எழுதப்படும் என்பன எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

எல்லைகளை மும்மடங்குத் திட்ட விலக்கத்தில் வைத்து, பரவலும் இயல்நிலைப் பரவலாக இருந்தால், எக்கோளாறும் இல்லாதபோதும் 10,000 புள்ளிகளில் ஏறக்குறைய 27 வெளியே விழும். எல்லைக்குள் விழுந்த ஏற்ற இறக்கத்துக்காகத் தொழிலாளியைக் கடிந்துகொள்வதற்குப் புள்ளியியலில் ஆதாரமே இல்லை. இது தொழிலாளிக்குக் கிடைத்த ஒரு தற்காப்பு வாதம். தன் மொழியில் சொல்ல முடியாத வாதத்தை எவரும் விசாரணை அறையில் முன்வைக்க இயலாது.

மொழிபெயர்த்துவிட்டால் இடர் தீருமா எனின், அதுவும் ஐயமே. இருக்கும் கலைச்சொற்களே ஒரு பக்கம் சாய்கின்றன. மாதிரிச் சராசரிகளின் சிதறலைக் குறிக்கும் அளவைத் 'திட்டப் பிழை' என்கிறோம். தமிழில் பிழை என்பது பொறுத்தருள வேண்டப்படுவது. செய்தவர் ஒருவர் இன்றிப் பிழை இல்லை. (பிழைத்தல் என்பதற்கு உயிர்வாழ்தல் எனும் பொருளும் உண்டு என்பது வேறு கதை.) புள்ளியியல் இவ்விடத்தில் கூற வருவதோ யாரும் செய்யாத ஒன்றை. 'கட்டுப்பாடு' என்பதும் இத்தகையதே. ஊர்க்கட்டுப்பாடு எனும் வழக்கை அறிந்த செவிக்கு, செயல்முறை கட்டுப்பாட்டில் இல்லை எனும் தொடர், ஆட்கள் அடங்கவில்லை என்றே ஒலிக்கும். 'எல்லை' எனும் சொல்லோ வாங்குபவர் விதிக்கும் 0.844க்கும், செயல்முறை தானே ஈட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டு எல்லைக்கும் ஒன்றுபோல் வழங்குகிறது. முன்னது கட்டளை, பின்னது இயல்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையின் தொன்மையான தவறு. நம் சொல்லாட்சி அதற்குத் துணைபோகிறது.

தமிழ் ஆய்வுலகமும் இதற்கு விலக்கன்று. கல்வியியல், சமூகவியல் ஆய்வேடுகளில் 'இன்மைக் கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என முடியும் அட்டவணைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சோதனை கூறுவது 'மறுப்பதற்குப் போதிய சான்று இல்லை' என்பது மட்டுமே. இத்தொடரைத் தமிழ் எவ்வித இடர்ப்பாடுமின்றித் தாங்குகிறது, நாம்தான் எழுதுவதில்லை. ஆகவே தேவைப்படுவது மற்றுமொரு கலைச்சொல் பட்டியலன்று. மகப்பேறு வார்டின் பதிவேட்டையும் ரோலிங் மில்லின் எடைத்தாளையும் வைத்துக்கொண்டு, இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது எனப் பத்திக்குப் பத்தி விவாதிக்கும் தமிழ் உரைநடை. 'திட்டப் பிழை'யினிடத்தில் 'மாதிரிச் சராசரியின் விலக்கம்' என விரித்துச் சொல்வது நீளமேயாயினும் நேர்மையானது என்பது என் கருத்து. என்பிடெல் தன் விரிவுரைகள் பலவற்றின் எழுத்துவடிவைத் தமிழிலும் தந்துவருகிறது. அம்முயற்சியில் தமிழ்த்துறையினர் மெய்ப்புத் திருத்துவோராக மட்டும் நின்றுவிடாமல் இத்தகைய தேர்வுகளில் பங்கேற்க வேண்டும்.

இவ்வாதத்துக்கு ஒரு தடை உண்டு. கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டியது. தெலுங்கு வீட்டுமொழியாக உள்ளோர் அங்குப் பலர். உலை அருகே நிற்பவர்களிலோ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் மிகுதி. பட்டயம் பயிலக்கூடிய தர ஆய்வாளருக்கும் ஷிஃப்டுப் பொறுப்பாளருக்கும் தமிழ்ப் பாடம் உதவும். ஆயின் குற்றம் இறுதியில் சுமத்தப்படும் ஆளுக்கு அது எட்டாமற் போகலாம். இந்தியில் இவ்விடத்தில் வழங்கும் 'த்ருடி' எனும் சொல்லும் குறை, தவறு என்னும் பொருள்களையே தாங்கி நிற்கிறது.